நான்காவதாக ஒரு பழைய டூரிங் சைக்கிள்: 1970களின் டாவ்ஸ் கேலக்ஸியை வாங்கலாமா, விட்டுவிடலாமா?

வழிப்போக்கன் (கவென்ட்ரி) எழுதியது:

வணக்கம். ஒரு சைக்கிளை வாங்குவதா, விடுவதா என்று பத்து நாட்களாக முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறேன். வரும் சனிக்கிழமைக்குள் பதில் சொல்வதாக விற்பவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். பை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவதற்கான பழைய டூரிங் சைக்கிள்களோடு பழகியவர்களின் கருத்தைக் கேட்டுவிட்டால் மனம் தெளியும் என்பதால் எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னிடம் ஏற்கெனவே உள்ளவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1980களின் பிற்பகுதியில் வந்த ராலே ரேண்டனர் ஒன்று இருக்கிறது; 700சி சக்கரங்கள், கேன்டிலீவர் பிரேக், முன்னால் மூன்று பல்சக்கரங்கள். நான் உண்மையில் ஊர் சுற்றுவது இதில்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் வைட்ஹேவனிலிருந்து டைன்மவுத் வரை, மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் இணைக்கும் ஏறத்தாழ 140 மைல் பாதையை, முன்னும் பின்னும் பை கட்டிக்கொண்டு நான்கு நாட்களில் கடந்தேன். ஹார்ட்சைடு ஏற்றத்தில் நான்தான் மூச்சிரைத்தேன், வண்டி முனகவில்லை. இரண்டாவது, ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப் உள்ள ராலே. ஹப்பின் உடலில் 58 என்று பொறித்திருப்பதால் அது 1958ஆம் ஆண்டினது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைக்கும் நூலகத்துக்கும் அதுதான். டூரிங் இனத்தில் அது சேராது என்றாலும் கொட்டகையில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளத்தான் செய்கிறது. மூன்றாவது, 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் செய்யப்பட்ட ஒரு பெஜோ. அது இப்போது வெறும் ஃபிரேமாக ஆணியில் தொங்குகிறது. மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன், வலப்பக்கத்து பி.பி. கப் (பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் திருகியிருக்கும் கிண்ணம்) மட்டும் இரண்டு ஆண்டுகளாக அசைய மறுக்கிறது. எண்ணெய் விட்டாயிற்று, சூடு காட்டியாயிற்று, நீளமான ஸ்பேனரைப் போட்டு உடம்பின் முழு எடையையும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தோற்று, மறுபடி ஆணியிலேயே மாட்டிவிடுகிறேன்.

இப்போது எதிரில் வந்து நிற்பது ஒரு டாவ்ஸ் கேலக்ஸி. ஷ்ராப்ஷயரில், சர்ச் ஸ்ட்ரெட்டனுக்கு அருகில், ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீட்டில் இருக்கிறது. 1970களின் முற்பகுதியில் புதிதாக வாங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓட்டி, பிறகு கார் கொட்டகையின் பின்சுவரில் சாய்த்துவைத்தவர் இப்போது வீட்டைக் காலி செய்கிறார். கேட்கும் விலை 180 பவுண்டு. கரும்பச்சை வண்ணம், அசல் பூச்சுதான். அங்கங்கே பெயர்ந்த இடங்களில் எனாமல் தொட்டு வைத்திருக்கிறார். வெய்ன்மன் சென்டர்புல் பிரேக், ஐந்து பல்சக்கரங்கள் உள்ள ஃபிரீவீல், 27 × 1¼ அங்குலச் சக்கரங்கள். முன்சக்கரத்தின் ரிம் குரோம் பூசிய எஃகு, பின்சக்கரத்தினது அலுமினியம். புரூக்ஸ் பி17 தோல் இருக்கை காய்ந்திருந்தாலும் வெடிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால், ஒரு பழைய கேரடைஸ் துணிப்பை இன்னும் கட்டியபடியே இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே மடித்த வரைபடம் ஒன்றும், டயர் நெம்பும் கரண்டிகள் மூன்றும், காய்ந்துபோன பஞ்சர் பசைக் குழாயும் கிடந்தன.

சிக்கல்கள் இவை. ஃபிரேம் 22½ அங்குலம். என் ரேண்டனர் 21½. என் உட்கால் நீளம் 80 செ.மீ. காலணியோடு வண்டியைத் தாண்டி நின்றால் பார் குழாய் கவட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. சீட் கம்பி மேலும் ஏறவில்லை, கீழும் இறங்கவில்லை; அது இப்போது இருக்கும் உயரம் எனக்கு ஒரு விரற்கடை கூடுதல். ஃபிரேமில், குழாயின் எஃகு வகையைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் 531 என்ற ஒட்டுப்படம் இருக்கிறது. எண் தெளிவாகத் தெரிந்தாலும் அதன் கீழ்வரி பாதி அழிந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் தாண்டிய கேள்வி, எனக்கு இது தேவையா என்பதுதான். ரேண்டனரால் செய்ய முடியாத எதை இந்த கேலக்ஸி செய்துவிடப் போகிறது என்று என்னையே கேட்டால் நேர்மையான பதில் வரவில்லை. அதேசமயம், பெரியவர் தம் சுற்றுப்பயணக் குறிப்பேட்டை எடுத்துவந்து, எந்த நாளில் எத்தனை மைல், எந்த ஊரில் என்ன மழை என்று ஒரு மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தபோது, இந்த வண்டி யாரோ முகம் தெரியாதவரிடம் போய், அவர் உறுப்புகளைக் கழற்றித் தனித்தனியாக விற்றுவிடுவாரே என்ற எண்ணம் தொண்டையை அடைத்தது. என் கொட்டகை ஆறடிக்கு நாலடி. நான்காவதை உள்ளே நிறுத்த வேண்டுமானால் புல்வெட்டும் இயந்திரம் வெளியே போக வேண்டும்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

---

பித்தளைப்பற்று (பர்மிங்காம்) எழுதியது:

வணக்கம், வழிப்போக்கன். கேலக்ஸி என்றதும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். அந்த வண்டி எங்கள் ஊர்ப் பிள்ளை. டாவ்ஸ் தொழிற்சாலை டைஸ்லியில்தான் இருந்தது. ரெனால்ட்ஸ் குழாய் செய்த இடமும் அதே டைஸ்லிதான். 1971இல் கேலக்ஸி வந்த காலத்தில், நல்ல டூரிங் சைக்கிள் வேண்டுமென்றால் தனியாக ஃபிரேம் கட்டுபவரிடம் அளவு கொடுத்துக் காத்திருப்பதே வழக்கம். பை மாட்டும் கேரியர், மட்கார்டு எல்லாம் பொருத்தி, கடைக்குப் போய் அப்படியே ஓட்டிவரக்கூடிய வண்டியாக இதைக் கொடுத்ததுதான் அதன் பெயர் நிலைத்ததற்குக் காரணம் என்பது என் கருத்து. ஆகவே, ஆங்கிலேய டூரிங் சைக்கிள்களைச் சேர்ப்பவரிடம் முற்கால கேலக்ஸி ஒன்று இருப்பதில் பொருள் உண்டு. ஆனால் உங்களிடம் இருப்பது சேகரிப்பா, மூன்று வண்டிகளா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி வண்டிக்கு வருகிறேன். 531 என்ற எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்; அதன் கீழ்வரியில்தான் விஷயம் இருக்கிறது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த அந்த எஃகு 1935 முதல் சந்தையில் இருந்தது. அதைப் பல தரங்களில் பயன்படுத்தினார்கள். குழாய்கள், ஃபோர்க், பின்பக்கக் குச்சிகள் எல்லாமே 531 என்றால் ஒட்டுப்படம் அப்படியே சொல்லும். ஃபிரேமின் மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் என்றால் அதற்கு வேறு வாசகம். அந்த மூன்றும்கூட, முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்த குழாயா, நெடுக ஒரே கனமுள்ள குழாயா என்பதற்குத் தனித்தனி வாசகம். ஒரே கனமுள்ள குழாய் என்றால் எடை கொஞ்சம் கூடும். மற்றபடி பை ஏற்றி ஓட்டுபவருக்கு அது குறையே இல்லை. ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும். இன்று புதிதாக அச்சிட்ட ஒட்டுப்படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன என்பதால், ஒட்டுப்படத்தை மட்டும் நம்புவதில் பயனில்லை. சீட் கம்பியின் விட்டத்தை அளந்து பார்ப்பது நல்ல சாட்சி: 27.2 மி.மீ. என்றால் குழாயின் சுவர் மெல்லியது; அதைவிடக் குறையக் குறையச் சுவர் கனம். உங்கள் கேலக்ஸியில் அந்தச் சாட்சியே உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆனால் வெளியே தெரியும் பகுதியை வெர்னியர் அளவுகோல் கொண்டு அளக்கலாம்; சில கம்பிகளில் அளவே பொறித்திருக்கும்.

மாட்டிய சீட் கம்பியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி பல குளிர்காலம் ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் ஒன்றையொன்று அரித்து, இடையில் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பி.பி. வழியாக ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, இரண்டு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிப் பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் கம்பியை அறுத்து, ரம்பத்தகட்டை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்தெடுக்க வேண்டும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். காஸ்டிக் சோடா ஊற்றினால் அலுமினியம் கரைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். கரைவது உண்மைதான், கூடவே ஹைட்ரஜன் வெளிவரும், பெயின்ட் உரியும், கையில் பட்டால் தோலும் போகும். அசல் பூச்சு உள்ள வண்டியில் அதைச் செய்யவே வேண்டாம்.

உங்கள் பதிவில் எனக்கு உறுத்தியது வேறொன்று. முன் ரிம் எஃகு, பின் ரிம் அலுமினியம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வண்டியை வாங்கிப் பேணியவர், மழையில் பிரேக்கே பிடிக்காத குரோம் ரிம்மை முன்னால் ஏன் போட வேண்டும்? கிடைத்ததை அவசரத்துக்குப் போட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. அவசரம் ஏன் வந்தது என்று கேட்டீர்களா? தலைக்குழாயிலிருந்து கீழே இறங்கும் குழாய் இருக்கிறதல்லவா, அதன் அடிப்பக்கத்தில், மேல் இணைப்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலத் தொலைவில் விரலை வைத்துத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு அலை விரலுக்குத் தெரியும். பார் குழாயின் அடியிலும் அதே இடத்தில் தடவுங்கள். முன்பக்கமாக எதிலாவது மோதியிருந்தால் குழாய் மடிவது அங்கேதான். பெரியவர் எனாமல் தொட்டுவைத்த இடங்கள் எவை என்பதையும் கவனியுங்கள். சக்கரத்தின் பெண்டு எடுக்கலாம், ஃபோர்க்கை நிமிர்த்தலாம். அலை விழுந்த குழாயை மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்கு ஆகும் கூலியில் நல்ல கேலக்ஸிகள் இரண்டை வாங்கிவிடலாம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். 27 அங்குல டயர்கள் இன்றும் கிடைக்கின்றன. 700சி சக்கரம் போட விரும்பினாலும் ரிம்மின் ஆரத்தில் 4 மி.மீ. வேறுபாடுதான், வெய்ன்மன் பிரேக்கின் கை அந்த அளவுக்கு இறங்கிக் கொடுக்கும். பின் ஃபோர்க்கின் இடைவெளி 120 மி.மீ. ஆக இருக்கும், அதை அப்படியே விடுங்கள். ஃபிரீவீலை மட்டும் உரிய கருவியில்லாமல் தொடாதீர்கள். கருவி மாட்ட இரண்டே பள்ளங்கள் உள்ள பழைய ஃபிரீவீல் ஒன்றில் அந்தப் பள்ளங்களை நான் பிய்த்துவிட்டு, கடைசியில் ஸ்போக்ஸ் கம்பிகள் முப்பத்தாறையும் வெட்டி ஹப்பைத் தனியே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஹப் இப்போது என் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அளவைப் பொறுத்தவரை, அது உங்களுக்கு ஒரு படி பெரிது. அக்காலத்தில் சீட் கம்பி ஒரு கைப்பிடி அளவே வெளியே தெரியும்படி பெரிய ஃபிரேமில் ஓட்டியவர்கள் உண்டு என்பதால் 22½ முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏற்றத்தின் நடுவில், பை கனத்தோடு, சட்டென்று இறங்கி நிற்க வேண்டிய கணத்தில் அந்த ஓர் அங்குலம் உங்களுக்கு நினைவு வரும்.

---

மழைக்கோட்டு எழுதியது:

என் கருத்து சுருக்கமானது. பெரியவர் மீதுள்ள மரியாதைக்காக அளவு பொருந்தாத வண்டியை வாங்க வேண்டாம். வாங்காமல் திரும்புவது சங்கடமாக இருந்தால், அந்தத் துணிப்பையை மட்டும் விலைக்குக் கேளுங்கள். உங்கள் ரேண்டனரில் அது தினமும் வேலை செய்யும். அவருக்கும் மனநிறைவாக இருக்கும்.

---

வாடகைச்சைக்கிள் (சென்னை) எழுதியது:

ஐயா, வணக்கம். நான் பழைய வண்டி சேர்ப்பவன் அல்லன். என் தந்தை மணிக்கணக்கில் வாடகைக்குவிடும் சைக்கிள் கடை வைத்திருந்தார். பத்து வயது முதல் அங்கே ஓவராயில் வேலை பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். நாங்கள் தொட்டதெல்லாம் ஹெர்குலிஸ், ராலே வண்டிகள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949இல். இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் அதில் கூட்டாளி. ரெனால்ட்ஸும் அந்நாளில் அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான் என்பதால், நீங்கள் பேசும் 531 குழாய் எங்கள் கடை ஹெர்குலிசுக்குப் பணக்காரப் பெரியப்பா மகன் முறை ஆகிறது.

கேலக்ஸியைப் பற்றி மேலே ஐயா சொன்னதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் கவனமெல்லாம் ஆணியில் தொங்கும் பெஜோவின் மேல்தான். இரண்டு ஆண்டுகளாக வலப்பக்கக் கப் கழலவில்லை என்கிறீர்கள். அதை எந்தப் பக்கமாகத் திருகினீர்கள் என்று சொல்ல முடியுமா?

காரணம் இருக்கிறது. நம் ஊர் வண்டியிலும் ஆங்கிலேய வண்டியிலும் வலப்பக்கத்து பி.பி. கப்புக்கு எதிர் மரை. அதைக் கழற்றக் கடிகாரம் சுற்றும் திசையில் திருக வேண்டும். இடப்பக்கப் பெடலுக்கும் எதிர் மரை என்பதைப் போலக் கடைப் பையன்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யும் பாடம் இது. ஆனால் பிரெஞ்சு வண்டிகளில், 35 மி.மீ. விட்டமும் ஒரு மி.மீ. மரையும் உள்ள அந்தக் கப் இரண்டு பக்கமும் நேர் மரைதான் என்பதை, எங்கள் கடைக்கு எங்கிருந்தோ வந்துசேர்ந்த ஒரு பழைய பிரெஞ்சு வண்டியைத் தந்தை கழற்றியபோது தெரிந்துகொண்டேன். அதைக் கழற்றக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். ராலேக்களோடு பழகிய கை பழக்கதோஷத்தில் கடிகாரத் திசையில்தான் போயிருக்கும். அப்படியானால் நீங்கள் இரண்டு ஆண்டுகளாக அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிற்காலத்துப் பெஜோக்கள் சிலவற்றில், அளவு பிரெஞ்சு அளவாகவே இருக்க, வலப்பக்கம் மட்டும் எதிர் மரையாக வந்தது. சுவிஸ் மரை என்பார்கள். உங்களுடையது 1970களின் தொடக்கம் என்பதால் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்பேனர் வழுக்கினால் கப்பின் விளிம்பு தேய்ந்துவிடும். தடித்த போல்ட் ஒன்றைக் கப்பின் துளை வழியாக விட்டு, இரு பக்கமும் வாஷர் கொடுத்து, நட்டால் கப்பையே கவ்வும்படி இறுக்கிவிட்டு, பிறகு போல்ட்டின் தலையைப் பிடித்துத் திருகுங்கள். திருகும் திசையிலேயே போல்ட்டும் இறுகிக்கொண்டு போகும்படி, எந்தப் பக்கத்தில் தலை, எந்தப் பக்கத்தில் நட்டு என்பதை முதலில் யோசித்துக்கொள்ள வேண்டும்.

---

ஹாரோவாசி எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தவன், நாற்பது வருடமாக இலண்டனில் இருக்கிறேன். ஒரு காலத்தில் என்னிடம் ஒன்பது துவிச்சக்கரவண்டிகள் இருந்தன, இப்போது நான்கு. ஐந்தை விற்றவன் என்ற முறையில் மற்றவர்களிடமிருந்து சற்று விலகிய கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்பது வண்டிகள் என்றால் பதினெட்டு டயர்கள். ஓட்டாமல் வைத்தாலும் டயரின் பக்கச்சுவர் வெடிக்கும். காற்று இறங்கி ரிம்மின்மேல் நின்றால் இன்னும் விரைவாக வெடிக்கும். தோல் இருக்கைகளில் ஒவ்வொரு குளிர்காலமும் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றை ஓட்ட எடுக்கும் நாளில் மற்ற எட்டையும் நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது ஒன்றின் பெடல் மற்றதன் பூச்சைச் சுரண்டும். இப்படியே போய், ஓட்டுவதற்காக வாங்கியவற்றைக் காப்பதற்காகவே சனி ஞாயிறுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் விற்றேன். விற்ற ஐந்தில் நான்கைப் பற்றி எனக்கு நினைவே வருவதில்லை.

ஐந்தாவது, 1950களில் செய்யப்பட்ட ஒரு குளோட் பட்லர். இணைப்புகளில் கைவேலை செய்த அலங்கார வெட்டுகள் இருக்கும். பூச்சுக் கோடு அந்த வெட்டுகளின் ஓரமாகவே ஓடும். என்னிடம் இருந்த மற்ற வண்டிகளைவிட அது எந்த விதத்திலும் நன்றாக ஓடவில்லை. கியர் குறைவு, பிரேக் சுமார். எண்ணிப் பார்த்தால் தேவையில்லாதது அதுதான் என்று முதலில் அதைத்தான் விற்றேன். இன்றைக்கும் வீதியில் அந்த நிறத்தைக் கண்டால் திரும்பிப் பார்க்கிறேன். ஆகவே, ரேண்டனரால் செய்ய முடியாத எதை கேலக்ஸி செய்யும் என்ற உங்கள் கேள்வியே பிழை என்பது என் எண்ணம். அது வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கும் கேள்வி. 1990களின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் எரிபொருள் தடையிருந்த நாட்களில் அந்தக் கேள்வி சரியாக இருந்தது. மாமாவின் ராலே அரிசி மூட்டையையும் நோயாளியையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றியது, அதற்கு ஒரு நாளும் ஓய்விருக்கவில்லை. கொட்டகையில் நான்காவது வண்டியை நிறுத்த இடம் தேடும் நீங்களும் நானும் அந்த நிலையில் இல்லை.

நான் பார்ப்பது இதைத்தான்: அந்த வண்டியை நீங்களே பிரித்து, துடைத்து, பூட்டி, வருடத்தில் ஐந்தாறு முறையாவது வெளியே எடுப்பீர்களா? இத்தாலியில் கயோலே இன் கியாந்தியில் 1997இல் தொடங்கிய எரோய்கா என்ற பழைய வண்டி ஓட்டத்தைப் பின்பற்றி நடக்கும் ஓட்டங்களில், 1987க்கு முந்திய வண்டிகளுக்கென்றே ஒரு கொண்டாட்டம் இருக்கிறது. இங்கே 1955 முதல் வெட்டரன் சைக்கிள் கிளப் இருக்கிறது. ஃபிரேம் எண்ணைக் கொண்டு ஆண்டு கண்டுபிடிக்க அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விடயம் தெரிந்தவர்கள் உதவுவார்கள். கேலக்ஸியைக் கொண்டு அப்படிப்பட்ட வட்டத்துக்குள் நுழைய உங்களுக்கு விருப்பமிருந்தால், ஃபிரேம் நேராகவும் இருந்தால், வாங்குங்கள். ஆணியில் தொங்கும் பெஜோவை விற்றுவிடுங்கள். பொருந்தாத அளவைக்கூடக் குட்டையான ஹேண்டில் தண்டு போட்டு ஓரளவு சமாளிக்கலாம். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைக் கொண்டுவருவதைத்தான் நான் வேண்டாம் என்பேன். தொங்கும் ஃபிரேம் ஒவ்வொரு முறையும் உங்களைக் குற்றம் சொல்லும். எனக்கு அந்த அனுபவம் போதுமான அளவு உண்டு.

குழாயில் அலை இருந்தால் மேலே சொன்ன எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

---

வழிப்போக்கன் (கவென்ட்ரி) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை, வெர்னியர், டேப், ஒரு சிறிய டார்ச் ஆகியவற்றோடு சர்ச் ஸ்ட்ரெட்டன் போய்வந்தேன்.

சீட் கம்பியின் விட்டம் 26.4 மி.மீ. ஒட்டுப்படத்தின் கீழ்வரியை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது எழுத்துகளின் மேடு தெரிந்தது. பித்தளைப்பற்று அவர்கள் ஊகித்த வகைதான்: ஒரே கனமுள்ள குழாய்கள், மூன்று மட்டும். அதுவரை எனக்கு வாங்கும் எண்ணமே மேலோங்கியிருந்தது. ஹாரோவாசி ஐயா எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, பெஜோவை விற்க என்ன விலை சொல்லலாம் என்றுகூட வழியில் யோசித்துக்கொண்டு போனேன்.

பிறகு கீழ்க்குழாயின் அடியில் விரலை வைத்தேன். தலை இணைப்பிலிருந்து இரண்டரை அங்குலத்தில், உள்ளங்கையில் ஒரு நரம்பு புடைத்திருப்பதைத் தொட்டால் எப்படியோ அப்படி ஒரு மேடு. அதையொட்டி ஒரு பள்ளம். டார்ச் வெளிச்சத்தில், கரும்பச்சைக்குள் சற்றே வேறு பச்சையாக, தொட்டுவைத்த எனாமல் அந்த அலையின் முகட்டில் நூல் போல் ஓடியது. பார் குழாயின் அடியிலும், இதைவிடச் சிறியதாக, ஒன்று இருந்தது.

பெரியவரைக் கூப்பிட்டு அவர் விரலையும் அங்கே வைக்கச் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் கதவு" என்றார். 1979இல் வேல்சில் எலான் பள்ளத்தாக்குப் பக்கம், மழையில், இறக்கத்தில், ஆடுகள் வெளியேறாமலிருக்கப் பாதையில் போட்டிருந்த இரும்புக் கதவைத் திருப்பத்தில் கவனிக்காமல் நேராகப் போய் மோதியிருக்கிறார். முன்சக்கரம் எட்டாக மடிந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை வீட்டில் கிடந்த ஏதோ ஒரு பழைய சைக்கிளின் சக்கரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, அன்று மாலையே நாற்பது மைலுக்கு மேல் மிதித்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார். நல்ல ரிம் வாங்கும்வரை என்று போட்ட அந்த எஃகு ரிம்தான் இன்றுவரை இருக்கிறது. குறிப்பேட்டில் அந்த நாளைத் தேடியெடுத்தோம். மைல் கணக்கும் மழையும் எழுதியிருந்தார். கதவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதாமல் விட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

அலை விழுந்த பிறகும் இருபது ஆண்டுகளுக்குமேல் அந்த வண்டி அவரைச் சுமந்திருக்கிறது என்பதை நானும் யோசிக்காமல் இல்லை. ஆனாலும் 26 கிலோ பை கட்டிக்கொண்டு, இறக்கத்தில், அந்தக் குழாயை நம்பி என்னால் இறங்க முடியாது. வாங்கவில்லை என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், வீடு மாறும் இடத்தின் நடைவழியில் அதை மாட்டிவைக்க ஆணி அடிக்கலாமா என்று மகளிடம் கேட்கப் போவதாகச் சொன்னார். மழைக்கோட்டு அவர்களின் யோசனைப்படி பையைக் கேட்டேன். பேரம் பேசாமல் 25 பவுண்டு கொடுத்தேன். வரைபடத்தை அவர் எடுத்துக்கொண்டார். டயர் கரண்டிகளை என்னிடமே விட்டுவிட்டார். பையின் தோல்வார்கள் இரண்டும் வெடித்திருக்கின்றன, மாற்ற வேண்டும். துணி அப்படியே உறுதியாக இருக்கிறது. மெழுகு பூசிக் காயவைத்திருக்கிறேன்.

வாடகைச்சைக்கிள் அவர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆம், கடிகாரத் திசையில்தான். இரண்டு ஆண்டுகளும். நேற்று மாலை நீங்கள் சொன்னபடி போல்ட்டையும் வாஷர்களையும் கவ்வவிட்டு, எதிர்த்திசையில், பைப் ஒன்றைக் கைப்பிடியில் செருகி நீளமாக்கி அழுத்தினேன். மூன்றாவது அழுத்தலில் டப்பென்று ஒரு சத்தம். ஃபிரேம்தான் போய்விட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். பார்த்தால் கப் கால் சுற்று நகர்ந்திருந்தது. இப்போது அது என் கையில் இருக்கிறது. மரை நன்றாகவே இருக்கிறது, பால்ரஸ் குண்டு ஓடும் தடத்தில் மட்டும் இரண்டு இடத்தில் குழி விழுந்திருக்கிறது. 35 மி.மீ. மரையில் ஒரு ஜோடி கப் யாரிடமாவது விற்பனைக்கு இருந்தால் சொல்லுங்கள்.